உரல் விளிம்பில் ஒரு தட்டு

காலையிலிருந்து விமலேஸ்வரி மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டாள். மகன் ரஜிதன் வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டானா?

முதல் ஆள் கணவர் பரமலிங்கம். அவர் முற்றத்தில் நின்று சைக்கிளைத் துடைத்தபடி "வருவான்" என்றார். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த நாளிலிருந்து அவருடைய குரல் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அதனால் மனிதர் பேச்சையும் பாதியாகக் குறைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் மகள் சாரங்கா. "அண்ணா வந்தால்தான் படம் வரும். எனக்கு மட்டும் என்ன தெரியும் அம்மா" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மூன்றாவது ஆள் கைப்பேசிக்குள் இருந்தார். கனடாவில் படுக்கப் போகிற நேரத்திலும் தங்கைக்காக விழித்திருந்த அண்ணன் தில்லையம்பலம்.

"உனக்கேன் இந்தப் பதகளிப்பு, விமலா? ஓடினால் ஓடுது. ஓடாட்டி விடுது."

"என்ன கதை இது அண்ணை? உங்கடை கதையும்தானே அதுக்குள்ள கிடக்கு."

"என்ரை கதை ஒண்டுமில்லை. எனக்கு ஒண்டும் ஞாபகமும் இல்லை."

அண்ணன் எப்போதும் அப்படித்தான். பழசைக் கிளறினால் மனிதருக்குப் பிடிக்காது. விமலேஸ்வரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கலியாணம் பேசிக் கொடுத்ததிலிருந்து பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் பார்த்த அண்ணன். அவர் ஒன்றை வேண்டாமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பிப் பழகியவள் அவள்.

ஆனால் இன்றைய பதற்றம் வீண் பதற்றம் இல்லை.

எண்பதுகளில் ஒரு சுற்றிவளைப்பில் மூன்று இளைஞர்கள் பிடிபட்டார்கள். பரமலிங்கம், தில்லையம்பலம், வற்றாப்பளையைச் சேர்ந்த மயில்வாகனம். தெற்கே ஒரு சிறையில் மூவரையும் போட்டார்கள். இரண்டு பேர் தப்பி வந்தார்கள். மயில்வாகனம் வரவில்லை, உள்ளேயே செத்துப்போனான். அவன் செத்த செய்தி வருவதற்கு முன்னரே இன்னொரு கதை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தவன் அவன், அதனால்தான் விட்டுவிட்டு வந்தார்கள் என்று.

அந்தக் கதை அவனுடைய அக்கா கமலாசனியின் கலியாணத்தைக் குழப்பியது. பிறகு வேறொருவரும் கேட்டு வரவில்லை. அவள் இன்றைக்கும் வற்றாப்பளையில் தனியாக இருக்கிறாள்.

சாரங்கா இரண்டு வருடமாக அலைந்து திரிந்து எடுத்த ஆவணப்படம் இந்தச் சிறை உடைப்பைப் பற்றியதுதான். ஆட்களைத் தேடிப் போன இடத்தில், போன மாதம், கோயில் வீதியில் கமலாசனியைக் கண்டுபிடித்தாள். கமலாசனி ஒன்றுதான் கேட்டாளாம்.

"என்ரை தம்பி என்ன செய்தவன் எண்டு உன்ரை அப்பா சொல்லுவாரோ பிள்ளை? எனக்குத் தனியச் சொல்லவேண்டாம். சனத்துக்கு முன்னாலதான் அவனுக்கு அந்தப் பேர் வந்தது. சனத்துக்கு முன்னாலதான் அது போகவும் வேணும்."

பரமலிங்கம் சொல்லச் சம்மதித்தார். ஒரு தரம்தான், கமெராவுக்கு மட்டும்தான் என்று ஒரு நிபந்தனை. அந்த அறைக்குள் கட்டிய மனைவியைக்கூட விடவில்லை. ஆகவே அவர் என்ன சொன்னார் என்பது விமலேஸ்வரிக்கே இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

இதில் அவள் செய்த ஒரு கெட்டித்தனம்தான் காலையிலிருந்து அவளை மூன்று பேரிடம் கேட்க வைத்தது. படத்தின் ஒலிக்கலவையை, பேச்சையும் இசையையும் சேர்க்கிற வேலையை, யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொடுக்கப்போவதாகச் சாரங்கா சொன்னபோது இவள் குறுக்கே விழுந்தாள். "வீட்டுக்குள்ள ஒருத்தன் அதே தொழில் செய்யேக்கை வெளியாள் என்னத்துக்கு?" ரஜிதன் வவுனியாவில் கலியாண வீடியோ எடுக்கிறவன். அண்ணனும் தங்கையும் நெடுநாளாக முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. ஒரு வேலையைச் சேர்ந்து செய்தால் சேர்ந்துவிடுவார்கள் என்பது தாயின் கணக்கு.

சித்திரை மாதம். முகூர்த்த மாதம். படம் இன்னும் வந்து சேரவில்லை.

*

தர்மபுரம் பொதுநோக்கு மண்டபத்தில் பின்னேரம் சனம் நிறைந்துவிட்டது. கண்டாவளையிலிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில்கூட வந்திருந்தார்கள். மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. வெயில் அப்படி.

கமலாசனி முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நூல் சேலை, கையில் ஒரு குடை. முன்வரிசையில் விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். தேநீர் கொண்டுவந்து நீட்டியபோது வேண்டாமென்று கையசைத்தாள்.

"படம் முடியட்டும் தங்கச்சி. பேந்து குடிப்பம்."

கடைசி நேரத்தில் ரஜிதன் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. முதல் நாளும் ஒரு கலியாணம்.

"முழுக்கப் போட்டுப் பாத்தனியோ?" என்று கேட்டாள் சாரங்கா.

"ஹெட்போனில கேட்டனான். வடிவா வந்திருக்கு. பயப்பிடாதை."

விமலேஸ்வரிக்கு உயிர் வந்தது. கைப்பேசியில் அண்ணனை அழைத்து, திரை தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "வேலைக்கு வெளிக்கிடோணும், கொஞ்சம்தான் பாப்பன்" என்றார் அவர்.

படம் தொடங்கியது. வயல் வந்தது. குளக்கட்டு வந்தது. சனம் தன் ஊரைத் திரையில் கண்டு சந்தோசப்பட்டது. பிறகு பரமலிங்கம் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். வாயைத் திறந்தார்.

வயலின் வந்தது.

முதலில் எல்லோரும் அது ஓய்ந்து பேச்சு வரும் என்று காத்திருந்தார்கள். அது ஓயவில்லை. பரமலிங்கத்தின் உதடு அசைய அசைய வயலினும் கூடவே ஏறியது. அவர் நிறுத்தினால் அதுவும் மரியாதையாக நின்றது. அந்த இடைவெளியில் மின்விசிறிச் சத்தமும் வெளியே காகமும் நன்றாகக் கேட்டன. திரும்ப அவர் வாயைத் திறந்தால் திரும்ப வயலின்.

"தம்பி, சத்தத்தைக் கூட்டு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ரஜிதன் கூட்டினான். வயலின்தான் கூடியது.

சாரங்கா எழுந்து அண்ணனிடம் ஓடுவதும், அவன் எதையோ அழுத்துவதும், தலையில் கை வைப்பதும் விமலேஸ்வரிக்குத் தெரிந்தது. திரையில் ஒரு சமையலறை வந்தது. ஒரு உரல் வந்தது. மறுபடி பரமலிங்கம். இப்போது அவர் ஒரு கையால் கதிரையின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே பேசினார். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அவருடைய கண் கலங்கியது, உதடு நடுங்கியது. கமலாசனி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.

அந்த இடத்தில்தான் மேளம் வந்தது. நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக, தாலி கட்டுகிற நேரத்துக் கெட்டிமேளம் மாதிரி, மண்டபத்தை அதிர வைத்துக்கொண்டு.

பிறகு பெயர்கள் ஓடின. சிலர் கை தட்டினார்கள். "மியூசிக் நல்லாயிருக்கு" என்று ஒரு நல்ல மனிதர் வாய்விட்டுச் சொன்னார்.

கைப்பேசியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "எனக்கும் மேளம்தான் கேட்டது, விமலா. அதுக்கென்ன, நல்ல படம்." அவர் அதை நிம்மதியோடு சொன்னது போல இருந்தது. ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

கமலாசனி மெல்லத் திரும்பினாள்.

"தங்கச்சி, அவர் தம்பியைப் பற்றிச் சொன்னவரோ?"

"சொல்லித்தான் இருப்பார் அக்கா."

"என்ன சொன்னவர்?"

விமலேஸ்வரி அழைப்பைத் துண்டிக்காமல் கைப்பேசியை மடியில் வைத்தாள். "எனக்கும் கேக்கேல்லை அக்கா."

கமலாசனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். கதிரைக்குக் கீழே கிடந்த குடையை எடுத்தாள். "அப்ப நான் பஸ்ஸைப் பாக்கிறன். இதை விட்டால் பேந்து பஸ் இல்லை" என்று சொல்லி நடந்தாள்.

*

திரைக்குப் பின்னால் பிள்ளைகள் இரண்டும் நின்ற நிலையைப் பார்த்ததும் விமலேஸ்வரிக்குத் திட்ட மனம் வரவில்லை.

"அப்பான்ரை ஒரு சொல்லுக்கூடக் கேக்கேல்லை அண்ணா. ஒரு சொல்லு." சாரங்கா அழவில்லை. அழுது முடித்துவிட்டாள்.

ரஜிதன் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றிய கேபிளை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினான்.

"கை அப்பிடித்தான் போகுது சாரங்கா. முக்கியமான இடம் வந்தால் மேளத்தைக் கூட்டிவிடுறது. கலியாணத்தில தாலி கட்டேக்கை ஒரு தும்மல், ஒரு அழுகைச் சத்தம் வீடியோவில விழுந்தால் சனம் என்னை விடாது. அதை மூடத்தானே கெட்டிமேளம்."

"இது கலியாணமோ?"

"இல்லை." அவன் கேபிளைக் கீழே வைத்தான். "அப்பா அழுறார். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்து வேலை செய்யவேணும். என்னால ஏலேல்லை. ஊர்ச் சனம் அவற்றை அழுகையைக் கேக்கக்கூடாது எண்டு நினைச்சன். மூடிப்போட்டன். ஹெட்போனில சொல்லுக் கொஞ்சம் கேட்டது, மண்டபத்தில ஒண்டுமே கேக்காது எண்டு நினைக்கேல்லை."

சாரங்கா அண்ணனைப் பார்த்தாள். அவளும் இரண்டு வருடம் அதே குரலைக் கேட்டு வேலை செய்தவள்தான்.

"அந்தத் தட்டுற சத்தம்?"

"அது மைக்கில இடிபட்ட சத்தம் எண்டு நினைச்சுத் துப்புரவாக்கிப்போட்டன். மூலம் வவுனியாவில கிடக்கு. நாளைக்குத் திருத்தித் தாறன்."

"நாளைக்கு இந்தச் சனம் வருமோ? அந்த மாமி வருவாவோ?"

வீட்டுக்குள் கொடு என்று சொன்ன வாய் விமலேஸ்வரியுடையது. ஆனால் அதை இப்போது சொல்லி ஆறுவதற்கு நேரமில்லை. பஸ் வந்துவிடும்.

பரமலிங்கம் மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். படம் ஓடியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

"இஞ்சாருங்கோ. மயில்வாகனத்தைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"படத்தில இருக்கு."

"படத்தில இல்லை. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. அந்த மனிசி பஸ்ஸுக்குப் போட்டா."

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஒருக்காச் சொன்னதே..." என்று தொடங்கி, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் குரலை வைச்சுக்கொண்டோ?"

"உள்ள குரலிலை சொல்லுங்கோ. கேக்கிறவை கேக்கட்டும். நான் போய் அவாவைக் கூட்டிவாறன்."

கட்டிய நாளிலிருந்து அவள் அவருக்கு இட்ட முதல் கட்டளை இதுவென்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் எழுந்ததும், வேட்டியைச் சரிசெய்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

பஸ் பரந்தன் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. கமலாசனி குடையை நீட்டி மறித்துவிட்டாள். விமலேஸ்வரி வீதிக்குக் குறுக்கே செருப்பில்லாமல் ஓடினாள்.

"அக்கா, ஏறாதேங்கோ. அவர் வாயால சொல்லப்போறார். சனம் இன்னும் போகேல்லை."

"குரல் இல்லாத மனிசன் எண்டு உங்கடை மகள் சொன்னவா."

"குரல் கொஞ்சம் இருக்கு. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கேக்கும்."

நடத்துநர் படியில் நின்று கதவைத் தட்டினார். "ஏறுறியளோ, இல்லையோ அம்மா?"

கமலாசனி பஸ்ஸைப் பார்த்தாள். "இதை விட்டால் நான் எப்பிடிப் போறது?"

"எங்கடை வீட்டில இரவைக்கு நிண்டு காலமை போங்கோ. எங்கடை வீட்டில நீங்கள் நிக்கவேணும் அக்கா."

பஸ் போய்விட்டது. கமலாசனி தன் கையை விமலேஸ்வரியிடம் கொடுத்தாள்.

மண்டபத்தில் படம் திரும்ப ஓடியது, ஒரு சத்தமும் இல்லாமல். திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் பரமலிங்கம். அவருடைய காலடியில் ரஜிதன் குந்தியிருந்து ஒலிவாங்கியை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் பேசத் தொடங்கினார். ஒலிபெருக்கியில் மின்விசிறிகளின் இரைச்சல்தான் பெரிதாக வந்தது.

ரஜிதன் ஒலிவாங்கியைச் சாரங்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். சுவரிலிருந்த மின் ஆளிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"வேகப்போறம் தம்பி" என்றார் ஒருவர்.

"கொஞ்சநேரம் வேவம் அண்ணை" என்றான் ரஜிதன்.

சனம் சிரித்தது. பிறகு அடங்கியது. குழந்தைகளைத் தாய்மார் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். விமலேஸ்வரி கைப்பேசியைக் கணவரின் பக்கம் நீட்டிப் பிடித்து, மெல்லிய குரலில் "அண்ணை, இப்ப கேளுங்கோ" என்றாள்.

"மறியலில, சிறைக் குசினியில எங்களுக்கு மா இடிக்கிற வேலை" என்றார் பரமலிங்கம். குரல் கீறல் விழுந்து வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் வந்தது. "பின்பக்கத்து யன்னல் கம்பியைக் கனநாளாக் கழட்டி வைச்சிருந்தம். காவல்காரன் வாசலில கதிரை போட்டு இருப்பான். உலக்கைச் சத்தம் கேக்குமட்டும் உள்ளுக்க வரமாட்டான். சத்தம் நிண்டால் எழும்பி வருவான். அப்ப ஒருத்தன் நிண்டு இடிக்கவேணும். இடிச்சால்தான் மற்றவன் போகலாம்."

அவர் மூச்சு வாங்கினார்.

"ஆர் நிக்கிறது எண்டு நாங்கள் கதைக்கவே இல்லை. மயில்வாகனம் உலக்கையை எடுத்திட்டான். நீங்கள் போங்கோடா, நான் இடிச்சுப்போட்டு வாறன் எண்டான். வரேலாது எண்டு அவனுக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். மதிலுக்கு அங்கால குதிச்சு நிக்கிறன், எனக்குக் கேக்குது. இடிச்சுக்கொண்டே நிக்கிறான்."

அவருடைய கை கதிரையின் கைப்பிடியில் தானாகத் தட்டியது. இரண்டு கனத்த தட்டு. பிறகு நகத்தால் ஒரு சின்னத் தட்டு. திரும்பவும் இரண்டு. திரும்பவும் ஒன்று.

கமலாசனி எழுந்து நின்றுவிட்டாள்.

"விளிம்பு" என்றாள்.

பரமலிங்கம் நிறுத்தினார்.

"ரெண்டு இடி இடிச்சுப்போட்டு உலக்கையை உரல் விளிம்பில ஒரு தட்டுத் தட்டுவான், தம்பி. மா உதிரட்டும் எண்டு. உரல் வெடிக்கப்போகுது எண்டு அம்மா ஏசுறவா. அவன் விடமாட்டான்." அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "அது அவன்தான். என்ரை தம்பிதான்."

"ஓம் அக்கா. அவன்தான். அவன் எங்களைக் காட்டிக்குடுக்கேல்லை. அந்தக் கதையை நான் அப்பவே மறுக்காதது என்ரை பிழை. அவன் இடிச்சதாலதான் நான் இஞ்சை இருக்கிறன். என்ரை பிள்ளையளும் இருக்குதுகள்."

அவர் அழுதார். அந்த அழுகை ஒலிபெருக்கி வழியாக மண்டபம் முழுவதும் கேட்டது. சாரங்கா ஒலிவாங்கியை விலக்கப் போனாள். ரஜிதன் அவளுடைய கையைப் பிடித்து அப்படியே வைத்திருக்கச் செய்தான். முன்னால் இருந்த கிழவர் ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. அது கை தட்டுகிற இடம் இல்லையென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விமலேஸ்வரிக்குக் கண்ணீர் தாரையாக ஓடியது. துடைக்கவில்லை. இந்த மனிதரோடு இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். சில நாட்களில் அவர் கதிரையைத் தட்டிக்கொண்டு இருக்கும்போது, "சும்மா இருங்கோவன், தலை இடிக்குது" என்று அதட்டியும் இருக்கிறாள்.

கமலாசனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பரமலிங்கத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். அவன் இடிச்சுக்கொண்டு நிண்டது உங்களுக்கு மட்டும்தான் தெரியுமோ?"

"இல்லையக்கா. என்னோட வந்தவருக்கும் தெரியும். மதிலடியில ரெண்டு பேரும்தான் நிண்டு கேட்டனாங்கள். பேந்துதான் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினது."

"அப்ப ஏன் அவர் எங்கடை வீட்டு வாசலில வந்து நிண்டு, உங்கடை பெடியன்தான் எங்களைக் காட்டிக்குடுக்கப் பாத்தவன் எண்டு எங்கடை அம்மாவுக்குச் சொன்னவர்?"

பரமலிங்கத்தின் கை கைப்பிடியின் மேல் அப்படியே நின்றது. மின்விசிறி ஓடாத மண்டபத்தில் அந்தக் கேள்வி கடைசி வரிசை வரைக்கும் போயிருந்தது. அவரோடு தப்பி வந்தவர் யார் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் விமலேஸ்வரியைப் பார்த்தார்கள்.

அவள் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

அண்ணனின் முகம் அதில் இல்லை. ஒரு வெள்ளைக் கூரையும் எரிந்துகொண்டிருந்த ஒரு மின்குமிழும்தான் தெரிந்தன. அழைப்பு அறுபடவில்லை. அவள் கைப்பேசியைக் காதோடு வைத்து, "அண்ணை" என்றாள். அங்கே, எங்கோ, ஒரு கதவை மெல்லச் சாத்துகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.